வாசகர் கேள்வி – பதில்: லாஹௌல் மலையில் யார் என்ன மொழி பேசுகிறார்கள்?

சென்ற இதழில், இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பக்கம் சின்னச் சின்ன மொழிகளைப் பதிவு செய்யும் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை எடுத்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். பக்கத்து மாவட்டமான கின்னோரையும், குலு மாவட்டத்து மலானா கிராமத்தையும் கேட்டிருக்கிறீர்கள். அவையும் வருகின்றன.

கேள்வி: குடும்பத்தோடு மணாலிக்குப் போய் வந்தோம். ஓட்டல்காரர், டிரைவர், கடைக்காரர் எல்லோருமே இந்திதான் பேசினார்கள். இமாச்சலம் இந்தி மாநிலம் என்றுதானே படித்திருக்கிறோம்? நீங்கள் தனி மொழிகள் என்று எழுதியது இந்தியின் வட்டார வழக்குகளைத்தானா? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்லை. உங்களுக்குப் புரிய வேண்டும் என்று உங்களிடம் இந்தி பேசினார்கள். வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்பது வேறு கதை.

மணாலியிலிருந்து வடக்கே ரோதாங் கணவாயைத் தாண்டினால், அல்லது 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப் பாதை வழியாகப் போனால், சந்திரா நதிப் பள்ளத்தாக்கில் வெளியே வருவீர்கள். அங்கே கோண்ட்லா பக்கத்தில் பேசுவது தினன். கொஞ்சம் கீழே டாண்டி என்ற இடத்தில் பாகா நதி வந்து சேர்கிறது. பாகாவின் கரையோடு மேலே ஏறினால் கேலாங் ஊரைச் சுற்றிப் புனன் மொழி, அதையே காரி என்றும் சொல்வார்கள். இன்னும் மேலே தார்ச்சா பக்கம் போனால் திபெத்திய வகை மொழி. டாண்டிக்குத் திரும்பி வந்து, இரண்டு நதியும் ஒன்றாகிச் சந்திரபாகா என்று ஓடுகிற (அதுதான் பிறகு சேனாப்) பக்கமாக இறங்கினால் பட்டனி, இன்னொரு பெயர் மன்சாட். டாண்டிக்கும் கேலாங்குக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இவை எல்லாமே திபெத்திய-பர்மியக் குடும்பம். இந்தியோடு ரத்த உறவே கிடையாது. இந்திக்கு இவற்றைவிட வங்காளமும் மராத்தியும் எவ்வளவோ நெருக்கம். பட்டனியும் தினனும் நெருங்கிய சொந்தக்காரர்கள், புனன் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மேற்குத் திபெத்தில் ஒரு காலத்தில் பேசி, இப்போது பழைய சுவடிகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஷாங்ஷுங் மொழிக்கும் இந்த மலைமொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்பதை மொழியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுற்றுலாக் கையேட்டில்கூட ஓரளவு பார்க்கலாம். பலரும் சொல்லாமல் விடுவது இனிமேல்தான் வருகிறது. பட்டனி பேசும் அதே ஊர்களில் சினாலி என்று இன்னொரு மொழி இருக்கிறது, லோஹாரி என்று வேறொன்றும் இருக்கிறது. சினாலி பேசுபவர்கள் பட்டியல் சாதியில் உள்ள சினால் சமூகத்தார். லோஹாரி, கொல்லர் குடும்பங்களின் மொழி. இந்த இரண்டும் இந்தோ-ஆரிய மொழிகள், இந்தியின் குடும்பம். அதாவது பக்கத்து வீட்டுக்காரர் பேசும் பட்டனியோடு குடும்ப உறவே இல்லாத மொழிகள். கின்னோரிலும் இப்படித்தான். ஒரே மாவட்டத்தில் கின்னோரி, ஜங்ஷுங், ஷும்சோ, கடைக்கோடி ஊரான சித்குலின் பேச்சு, மேல்பகுதியில் திபெத்திய வகை என்று பல உண்டு. அவற்றுக்கு நடுவே கொல்லர் வேலை, தச்சு வேலை செய்யும் டோமாங் சமூகமும், நெசவும் தோல் வேலையும் செய்யும் சமாங் சமூகமும் வீட்டில் தனியாக ஓர் இந்தோ-ஆரிய மொழி பேசுகிறார்கள்.

ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு மொழி என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டும்போது, முதலில் காணாமல் போவது இவர்கள்தான். நிலம் வைத்திருந்தவர்களின் பெயரில் பள்ளத்தாக்கு இருக்கிறது, அந்தப் பெயரே மொழிக்கும் வந்துவிட்டது. ஆகவே இந்த மலையில் மொழிகளைப் பதிவு செய்யப் போகிற யாரையும் நான் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதல்ல, யார் வீட்டுக்குப் போனீர்கள் என்பதுதான்.

கேள்வி: இவ்வளவு மொழிகள் இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்திருக்க வேண்டுமே? (நாகர்கோவில் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: நீங்களே கணக்கெடுப்பு வேலை பார்த்திருப்பீர்கள், அதனால் இது சட்டென்று புரியும். படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் மக்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். 2011-ல் அப்படி நாடு முழுக்கச் சேர்ந்த பெயர்கள் 19,569. எழுத்துப் பிழை, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் கலந்த அந்தப் பட்டியலைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக ஆக்கினார்கள். 10,000 பேருக்கு மேல் பேசுபவை மட்டுமே பெயரோடு அச்சாகும் என்பது 1971-லிருந்து வழக்கம். அதைத் தாண்டி வந்த மொழிகள் 121. மற்றவை 'மற்றவை' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டன.

லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011-ல் 31,564 தான். அதில் ஒரு பள்ளத்தாக்கின் மொழி 10,000-ஐத் தொடுவது எப்படி? கணக்கில் 'லாஹௌலி' என்று ஒரே பெயர் இருக்கிறது, அதன் கீழ் ஏறத்தாழ 11,500 பேர். 2001-ல் இதே பெயரில் 22,600 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் பாதிப் பேர் மொழியை மறந்திருக்க முடியாது. கணக்கெடுப்பவர் என்ன கேட்டார், வீட்டுக்காரர் எந்தப் பெயரைச் சொன்னார், யாருடைய பெயர் எந்தத் தலைப்பின் கீழ் போனது என்பதெல்லாம் இந்த எண்ணுக்குள் இருக்கிறது. 11,500 என்றால் எல்லைக் கோட்டுக்கு மிகப் பக்கம். அடுத்த கணக்கில் அந்தப் பெயரும் போனால் லாஹௌலுக்கு அச்சில் ஒரு மொழியும் மிஞ்சாது. சினாலி எந்தக் காலத்திலும் அந்தக் கோட்டைத் தொடப் போவதில்லை.

இந்தோ-ஆரிய மொழிகளுக்கு இன்னொரு பள்ளம். இமாச்சலத்தில் பேசும் காங்ரி, மண்டியாலி, குலுவி எல்லாம் கணக்கெடுப்பில் இந்தி என்ற குடைக்குள் போய்விடுகின்றன. அப்படி இந்திக்குள் பெயர் சொல்லிச் சேர்த்தவை 50-க்கு மேல். காங்ரி பேசுபவர்கள் மட்டும் 11 லட்சம். எண்ணிக்கை இருந்தும் அவர்களுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 என்று அறிவித்தபோதே, பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1-ஐக் கணக்கு நாளாக வைத்திருக்கிறார்கள். லாஹௌல் அந்தப் பட்டியலில் வரும். தாய்மொழியைக் கேட்டால் வீட்டு மொழியின் பெயரை, பள்ளத்தாக்கின் பெயரை அல்ல, தெளிவாகச் சொல்லுங்கள் என்று அங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் யாராவது சொல்ல வேண்டும். செலவே இல்லாத ஆவணப்படுத்தல் அது.

கேள்வி: மொழியைப் பதிவு செய்வது என்றால் என்னதான் செய்வார்கள்? செல்போனில் பாட்டி பேசுவதை ரெக்கார்ட் செய்துகொண்டு வந்தால் போதாதா? (கோவை, பொறியியல் மாணவர்)

பதில்: செல்போனில் எடுத்ததும் வீண் போகாது, எடுங்கள். ஆனால் ஒரு மணி நேரப் பதிவு கையில் இருப்பதும், அது என்ன சொல்கிறது என்று ஐம்பது வருடம் கழித்து ஒருவர் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல.

முதலில் சம்மதம். எதற்காக எடுக்கிறோம், எங்கே வைப்போம், யார் கேட்பார்கள் என்று சொல்லி, அவர் சரி என்பதையும் அவர் குரலிலேயே பதிய வேண்டும். அப்புறம் ஒலி. சுருக்காத கோப்பாக, வேவ் வடிவில் எடுப்பார்கள். ஏனென்றால் எம்பி3 மாதிரி சுருக்கினால் மெல்லிய ஒலிகள் நசுங்கிப் போகும், பின்னாளில் அந்த மொழியின் ஒலிகளை அளந்து பார்ப்பவருக்கு அந்தக் கோப்பு பாதிதான் உதவும். மலை வீட்டில் இது லேசான வேலையில்லை. குளிருக்கு நடு அறையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், தகரக் குழாய் வழியாகப் புகை போகிற சத்தம், மேலே கொதிக்கிற கெட்டில், வெளியே ஆறு. பேசுபவரின் சட்டையில் குத்துகிற சின்ன மைக் இல்லாவிட்டால் பதிவில் பாதி அடுப்புதான் பேசும்.

பிறகு சொற்பட்டியல். உடல் உறுப்பு, உறவுப் பெயர், தண்ணீர், நெருப்பு, எண்கள். கின்னோரியில் எண்ணுவது இருபது இருபதாக. ஐம்பது என்றால் 'இரண்டு இருபது, பத்து' என்று போகும். கடை, பள்ளி, பஸ் டிக்கெட் எல்லாம் இந்தி எண்ணில் நடப்பதால் இளையவர்கள் வாயிலிருந்து முதலில் நழுவிப் போவது இந்த எண்கள்தான். பெரியவர்களிடம் ஆடுகளை எண்ணச் சொல்லிக் கேட்டால் தானாக வரும்.

ஆனால் பட்டியலை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், தமிழருக்கு இது உடனே பிடிபடும். கின்னோரியில் நம்முடையது போலவே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. போதாக்குறைக்கு இருவர் மட்டும் என்றால் அதற்கும் தனி வடிவம். இந்தியில் இவை எல்லாவற்றுக்கும் 'ஹம்' ஒன்றுதான். ஆய்வாளர் இந்தியில் 'ஹம் ஜாயேங்கே' என்று சொல்லி, இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால், எதிரே இருப்பவர் அந்த நேரத்தில் தோன்றிய ஒரு வடிவத்தைச் சொல்வார். ஆய்வாளரும் எழுதிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். மற்ற வடிவங்கள் வெளியே வர வேண்டுமானால் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விட வேண்டும், கல்யாணம் பற்றி, ஆப்பிள் விலை பற்றி, தண்ணீர்ச் சண்டை பற்றி. தமிழ் பேசும் ஆய்வாளராக இருந்தால் இதைக் கேட்கத் தானாகவே தோன்றும். மலைமொழி வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதை கேட்பார்கள், பாட்டு கேட்பார்கள், பேச்சே இல்லாத சின்னப் படம் ஒன்றைக் காட்டி அதில் நடந்ததைச் சொல்லச் சொல்வார்கள். பிறகுதான் உண்மையான உழைப்பு: பதிவை வாக்கியம் வாக்கியமாக வெட்டி, ஒலிப்பை எழுதி, சொல்லைப் பிரித்து, பொருள் எழுதுவது. ஈலான் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாள்கணக்கில் உட்கார வேண்டும், அந்த மொழிக்காரர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு வரிகூட நகராது. அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், நூலில் பெயர் போட வேண்டும். இதில் சமரசமே கூடாது.

கடைசியாக ஒரு சீட்டு. பேசியவர் வயது, ஊர், என்ன வேலை, எந்தச் சமூகம், அம்மா எந்த ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தினன் பேசும் வீட்டுக்குப் புனன் பேசும் மருமகள் வந்திருந்தால் பிள்ளைகளின் பேச்சில் இரண்டும் கலந்திருக்கும். அது தெரியாமல் எழுதிய இலக்கணம் யாருடைய மொழியையும் சொல்லாது.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே எல்லா மொழியையும் பதிவு செய்துவிட்டார்கள் என்று படித்தேனே? (மதுரை வாசகர்)

பதில்: பிரிட்டிஷ் அரசு அதிகாரி கிரியர்சனின் இந்திய மொழியியல் ஆய்வைச் சொல்கிறீர்கள். அதன் மூன்றாம் தொகுதியின் முதல் பாகம் 1909-ல் வந்தது, இந்த மலைமொழிகளில் பல அதில் இருக்கின்றன. நன்றியோடு சொல்ல வேண்டிய வேலைதான். ஆனால் மாவட்ட அதிகாரிகள் மூலம் பைபிளின் ஊதாரி மகன் கதையை அனுப்பி, உள்ளூர் மொழியில் மாற்றி வாங்கியதுதான் அதன் முக்கியமான வழி. அதிகாரிக்குத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களின் மொழிபெயர்ப்பு அது. பெண்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை அதில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கேலாங்கில் தங்கியிருந்த, மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகளும் நிறையச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான யேஷ்கேயின் திபெத்திய–ஆங்கில அகராதி 1881-ல் வந்தது, இன்றும் பயன்படுகிறது. இன்னொருவரான பிராங்கே புனன், மன்சாட், தினன் மூன்றிலும் வேலை செய்தார். புனனுக்கு ஒரு முழுமையான இலக்கணம் வர 2017 ஆகிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேல் ஓர் இடைவெளி! சினாலிக்கும் லோஹாரிக்கும் அந்த அளவுக்கு இன்னும் யாரும் உட்காரவில்லை.

கேள்வி: மலானா கிராமத்தில் வெளியாட்கள் எதையும் தொடக்கூடாதாமே. அப்படிப்பட்டவர்களின் மொழியை நாம் போய்ப் பதிவு செய்வது நியாயமா? (சேலம் வாசகி)

பதில்: நல்ல கேள்வி. மலானாவில் கோவிலையும் சில கட்டடங்களையும் வெளியாள் தொட்டால் அபராதம், பலகையே வைத்திருக்கிறார்கள். அங்கே பேசும் கணாஷி மொழி ஓர் அதிசயம். சுற்றிலும் இந்தோ-ஆரியக் குலுவி, நடுவில் இந்த ஒரே கிராமம் மட்டும் திபெத்திய-பர்மிய மொழி பேசுகிறது, அதுவும் மலைகளுக்கு அப்பால் இருக்கும் கின்னோரிக்கு உறவாக. சுமார் இரண்டாயிரம் பேர். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கும் அஞ்சு சக்சேனாவும் குழுவினரும் இதைப் பற்றி 2022-ல் ஒரு நூல் தொகுத்து வெளியிட்டார்கள், ஆக ஊர்க்காரர்கள் முழுக்கக் கதவடைத்துவிடவில்லை.

என் கருத்து நேரடியானது. ஊர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாமி சடங்கில் சொல்வது, பெண்களுக்குள் மட்டும் பாடுவது என்று சிலவற்றை வெளியே விடக்கூடாது என்று அவர்கள் சொன்னால், எந்த அறிவியல் காரணமும் அதைவிடப் பெரிதில்லை. இன்றைய மொழிக் காப்பகங்களில் கோப்புக்குக் கோப்பு அனுமதி வைக்கலாம். இது எல்லோருக்கும், இது ஆய்வாளருக்கு, இது ஊராருக்கு மட்டும் என்று பிரித்துவிடலாம். நான் கோபப்படுவது வேறொன்றுக்கு: பதிவு செய்துகொண்டு போனவர்கள் ஊருக்கு ஒரு பிரதிகூடக் கொடுக்காமல் போவது. வெளிநாட்டுச் சர்வரில் தாத்தாவின் குரல் பத்திரமாக இருக்கும், பேரனுக்கு அதைத் திறக்கும் கடவுச்சொல் இருக்காது. ஒரு பென்டிரைவில் போட்டுப் பஞ்சாயத்திலோ பள்ளியிலோ கொடுத்துவிட்டு வர என்ன தடை? சிக்கிம் பல்கலைக்கழகத்தில் சிக்கிம்–டார்ஜிலிங் மொழிகளுக்கென்று ஒரு காப்பகம் நடத்துகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் பஸ் பிடித்துப் போய்க் கேட்கிற தூரத்தில் காப்பகம் இருப்பது பெரிய விஷயம். இமாச்சலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

கேள்வி: எழுத்தே இல்லாத மொழியை எப்படிக் காப்பாற்றுவது? (புதுச்சேரி)

பதில்: தேவநாகரியில் எழுதலாம், எழுதுகிறார்கள். இமாச்சலத்தில் முன்பு டாக்ரி என்று ஓர் எழுத்து புழங்கியது, பெரும்பாலும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கு. சொந்த எழுத்து வேண்டும் என்று ஒரு சமூகம் விரும்பினால் அதுவும் நடக்கும். பூட்டான் எல்லையில், மேற்கு வங்கத்தின் டோட்டோபாராவில் தனிராம் டோட்டோ 2015-ல் தன் மொழிக்கு எழுத்து வகுத்தார், 2021-ல் அது யூனிகோடில் ஏறியது, 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. டோட்டோக்கள் மொத்தமே இரண்டாயிரத்துக்குள்தான். ஆனால் எழுத்து வரட்டும் என்று பதிவு செய்யும் வேலையை யாரும் தள்ளிப்போட வேண்டாம், குரல் காத்திருக்காது.

கேள்வி: பெற்றோர்களே பிள்ளைகளிடம் இந்தி பேசினால் நாம் என்ன செய்ய முடியும்? சுரங்கப் பாதை வந்ததும் ஒரு காரணமா? (திருச்சி)

பதில்: பாதை வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோதாங்கில் பனி விழுந்துவிட்டால் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பே இல்லாமல், பிரசவத்துக்கும் மாரடைப்புக்கும் ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் கிடந்த மக்கள் அவர்கள். அந்தப் பாதை அவர்களுக்கு உயிர்.

பாதைக்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. உருளைக்கிழங்கும் பட்டாணியும் விற்ற காசில் பலர் குலு பக்கம் வீடு கட்டினார்கள், பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போனார்கள். குலுவில் பக்கத்து வீட்டோடு பேச இந்தி, பரீட்சைக்கு இந்தியும் ஆங்கிலமும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். சினாலி பேசும் ஒரு தாய்க்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த மொழியை வாயைத் திறந்து பேசினாலே என்ன சாதி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பிள்ளை அதைப் பேசாமல் இருப்பதே நல்லது என்று அவர் நினைத்தால் எந்த முகத்தோடு அவருக்குப் புத்தி சொல்வது? மொழியைக் காப்பது பற்றிப் பேசுபவர்கள் அந்த அவமானத்தைப் பற்றியும் அதே மேடையில் பேச வேண்டும்.

மத்திய அரசு 2013-ல் அழியும் நிலையில் உள்ள மொழிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கி, மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திடம் கொடுத்தது. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளில் முதல் கட்டமாக 117-ஐ எடுத்தார்கள். திட்டம் நல்லது. அதன் பலன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் ஒரு படப் புத்தகமாகவும் வந்து சேர வேண்டும்.

கேள்வி: பி.ஏ. முடிக்கப் போகிறேன். இந்த வேலைக்குப் போக விருப்பம். என்ன படிக்க வேண்டும், எங்கே? (சிதம்பரம், மாணவி)

பதில்: உங்கள் ஊரிலேயே தொடங்கலாம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் பழைய, பெயர்பெற்ற இடம். கோவை பாரதியாரிலும் மொழியியல் துறை இருக்கிறது. வெளியே என்றால் ஹைதராபாத், புனே டெக்கான் கல்லூரி, டெல்லியில் ஜே.என்.யூ. பெண்ணாகத் தனியே மலைக்குப் போவதா என்று வீட்டில் தயங்கினால், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புது வழி இல்லை என்று சொல்லுங்கள். கார்கில் பக்கத்துப் பூரிக் மொழிக்கு 1979-ல் மைசூர் நிறுவனம் வெளியிட்ட இலக்கணத்தை எழுதியவர் கி. அரங்கன், தமிழில் மொழியியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். அதோடு, அடுப்படியில் உட்கார்ந்து பெண்களோடு பேசும் வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகம், இதுவரை வந்த பதிவுகளில் குறைவாக இருப்பதும் அவர்கள் பேச்சுதான்.

முதல் வருடத்தில் ஒலியியலை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்ட ஒலியைச் சர்வதேச ஒலிப்பெழுத்தில் எழுதும் பழக்கம் கை வரவேண்டும். ஈலானை இறக்கி இப்போதே பழகலாம். இந்தியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், லாஹௌலில் முதல் மாதம் அது இல்லாமல் நகராது. போவதாக இருந்தால் கோடையைவிடக் குளிர்காலம் மேல். கோடையில் எல்லோரும் வயலில் இருப்பார்கள், நின்று பேச நேரமிருக்காது. பனிக்காலத்தில்தான் வீட்டில் இருப்பார்கள், கதையும் அப்போதுதான் வரும், இப்போது சுரங்கப் பாதை இருப்பதால் நீங்கள் அப்போதும் போய்ச் சேர முடியும். கம்பளி நிறைய எடுத்துப் போங்கள், பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.